மெதுவாகச் சுற்றும் விண்மீன்கள்

வேற்றுலகம் தேடிய வரலாறு – 9

சென்ற வாரம் பெர்சிவல் லோவெலை அரிசோனாவில், அவர் கட்டிய வானாய்வகத்தின் பக்கத்திலேயே அடக்கம் செய்துவிட்டு வந்தோம். ஆண்டு 1916. செவ்வாயில் கால்வாய் வெட்டிப் பாசனம் செய்ததாக அவர் நம்பிய அந்தப் பேரினமும் ஏறக்குறைய அவரோடேயே மறைந்தது. பாரிஸுக்கு அருகே மெடோனில் இருந்த 83 சென்டிமீட்டர் தொலைநோக்கி வழியே 1909இலேயே பார்த்த வானியலாளர் அந்தோனியாடி, கோடுகள் என்று சொல்லப்பட்ட இடத்தில் திட்டுகளும் புள்ளிகளுமே இருப்பதைக் கண்டுவிட்டார். அதன்பின் வெகுகாலம், ஊர் சிரிக்குமே என்ற பயத்தில் வானியலாளர்கள் வேற்றுலக உயிரைப் பற்றி வாய் திறக்கவே தயங்கினார்கள்.

சிரிப்பு மட்டும் காரணம் என்றால் அது சில ஆண்டுகளில் ஓய்ந்திருக்கும். அதைவிடப் பெரிய தடை ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. லோவெல் இறந்த மறு ஆண்டு, ஆங்கிலேயக் கணித மேதை ஜேம்ஸ் ஜீன்ஸ், கோள்கள் எப்படிப் பிறந்தன என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார். எப்போதோ ஒரு விண்மீன் நம் சூரியனை உரசுவதுபோலக் கடந்து போனது. அதன் ஈர்ப்பு சூரியனிலிருந்து வாயுவை நீளமாக இழுத்தது. அது குளிர்ந்து துண்டுகளாகிக் கோள்களானது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விண்மீன்களுக்கு இடையே உள்ள தொலைவைப் பார்த்தால் அப்படி இரண்டு நெருங்குவது கோடியில் ஒருமுறைகூட நடக்காது. ஆகவே கோள்கள் அபூர்வம், பூமி அபூர்வத்திலும் அபூர்வம், உயிரைத் தேடிப் போக வேறு இடமே கிடையாது. ஜீன்ஸ் வானொலியிலும் நூல்களிலும் வெகுஜனங்களைக் கட்டிப்போட்ட பேச்சாளர். எதிர்வாதம் எழ நாளாயிற்று.

அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் யார் என்று கேட்டால் இன்று எல்லோரும் ஃபிராங்க் டிரேக்கின் பெயரைத்தான் சொல்வார்கள். டிரேக்குக்கு உரிய புகழை நான் குறைக்கப் போவதில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் சற்று இருட்டில் நிற்கும் ஒரு கிழவருக்குத்தான் இந்த அத்தியாயத்தைக் கொடுக்கப்போகிறேன். அவர் சொன்ன காரணம் பிற்பாடு தவறாகிப்போனது. அவர் சொன்ன முடிவோ சரியாக இருந்தது. இதுபோன்ற ஆட்களை வரலாறு சீக்கிரம் மறந்துவிடுகிறது.

ஓட்டோ ஸ்ட்ரூவே 1897இல் கார்கிவ் நகரில் பிறந்தார். வானியல் அவர் வீட்டில் குலத்தொழில். கொள்ளுத்தாத்தா வில்ஹெல்ம் ஸ்ட்ரூவே, பீட்டர்ஸ்பர்க் அருகே புல்கோவோ வானாய்வகத்தை நிறுவியவர்; விண்மீன் ஒன்றின் தொலைவை முதன்முதலில் அளந்த மூவரில் ஒருவர். தாத்தா அதே ஆய்வகத்தின் இயக்குநர். அப்பா கார்கிவில் வானியல் பேராசிரியர். பெரியப்பா ஜெர்மனியில் வானாய்வகத் தலைவர். லண்டன் அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் இந்த ஒரே குடும்பத்தில் நான்கு தலைமுறைக்கு நால்வருக்குக் கிடைத்திருக்கிறது. இசை வேளாளர் குடும்பங்களில் நாயனம் கைமாறுவதுபோல அங்கே தொலைநோக்கி கைமாறியது.

ரஷ்யப் புரட்சி எல்லாவற்றையும் கலைத்துப்போட்டது. உள்நாட்டுப் போரில் தோற்ற வெள்ளைப் படையில் ஸ்ட்ரூவே ஓர் அதிகாரி. 1920இல் அந்தப் படை சிதறியபோது கருங்கடலைக் கடந்து துருக்கிக்குப் போய் அகதியானார். நிவாரண முகாம் சோறு, கூடாரத்தில் படுக்கை, கிடைத்த கூலி வேலை. அந்த ஆண்டிலேயே அப்பாவும் இறந்துவிட்டார். ஜெர்மனியிலிருந்த பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதினால், அவரும் காலமாகியிருந்தார். கடிதத்தைப் பிரித்த பெரியம்மா அதை பெர்லின் வானியலாளர் ஒருவரிடம் சேர்ப்பித்தார். அவர் வழியே அது அமெரிக்காவில் யெர்க்ஸ் வானாய்வக இயக்குநர் எட்வின் ஃப்ராஸ்டின் மேசைக்குப் போனது. ஸ்ட்ரூவே என்ற பெயருக்கு இருந்த மதிப்பு அப்படி. முகம் பார்க்காமலே வேலை கொடுத்தார் ஃப்ராஸ்ட். 1921 அக்டோபரில் ஸ்ட்ரூவே நியூயார்க்கில் கப்பலிலிருந்து இறங்கினார். பதினோரு ஆண்டுகளில் அந்த யெர்க்ஸுக்கே இயக்குநரானார்.

நமக்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டனோடு மோதி மனம் நொந்திருந்த சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் எஸ். சந்திரசேகரை யெர்க்ஸுக்கு அழைத்தவர் இந்த ஸ்ட்ரூவேதான். சந்திரசேகர் 1937 ஜனவரியில் அங்கே சேர்ந்தார். தானும் வந்தேறி என்பதாலோ என்னவோ, எந்த நாட்டுக்காரர் என்று பாராமல் திறமையைப் பார்த்து ஆள் சேர்த்தார் ஸ்ட்ரூவே.

இனி விஷயத்துக்கு வருவோம். ஸ்ட்ரூவேயின் சொந்த வேலை, விண்மீன்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து அதில் தெரியும் கருங்கோடுகளைப் படிப்பது. ஒரு விண்மீன் தன்னைத்தானே சுற்றினால் அதன் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வரும். மறு விளிம்பு விலகிப் போகும். வரும் பக்கத்தின் ஒளி நீலப் பக்கமாகவும், விலகும் பக்கத்தின் ஒளி சிவப்புப் பக்கமாகவும் சற்றே நகரும். இரண்டும் கலந்து வரும்போது கோடு கூர்மையாக இராது. ஊறும் தாளில் பேனாவால் கிழித்ததுபோல அகன்று கசிந்திருக்கும். எவ்வளவு கசிவோ அவ்வளவு வேகம். 1929இல் கிரிகோரி ஷாயினோடு சேர்ந்து ஸ்ட்ரூவே இந்த முறையை ஊன்றி நிறுத்தினார். ஷாயின் சோவியத் நாட்டில் இருந்தார். ஸ்ட்ரூவே அங்கிருந்து தப்பி வந்தவர். கடிதத்திலேயே நடந்த கூட்டு அது.

அளக்க அளக்க ஒரு விநோதம் தெரிந்தது. வெப்பம் மிகுந்த நீல, வெள்ளை விண்மீன்கள் பம்பரம்போலச் சுற்றின. நொடிக்கு 200 கிலோமீட்டர், சிலவற்றில் 300. வெப்பம் குறைந்த மஞ்சள் விண்மீன்களோ நொடிக்குச் சில கிலோமீட்டரோடு சரி. நம் சூரியனுக்கு 2 கிலோமீட்டர்தான். ஒரு சுற்றுக்கு 25 நாள். படிப்படியாகக் குறைந்தால் பரவாயில்லை. வானியலார் 'எஃப்' என்று பெயரிட்ட வகையின் நடுவில், மதகை அடைத்தாற்போலச் சட்டென்று வேகம் விழுந்தது. சுழற்சி எங்கே போயிற்று?

சிறுவயதில் தட்டாமாலை சுற்றாதவர்கள் நம்மில் குறைவு. கையை மார்போடு இறுக்கினால் வேகம் கூடும், விரித்தால் குறையும். சூரியக் குடும்பத்தின் எடையில் 99.8 விழுக்காட்டுக்கும் மேல் சூரியனிடம்தான் இருக்கிறது. ஆனால் சுழற்சியின் சரக்கில், இயற்பியலார் கோண உந்தம் என்பதில், ஏறக்குறைய 98 விழுக்காடு கோள்களிடம் இருக்கிறது. விரித்த கைகள் அவைதான். ஸ்ட்ரூவே இதை நேராக நீட்டிப் பார்த்தார். சூரியன் தன் சுழற்சியைக் கோள்களுக்குக் கொடுத்துவிட்டு மெதுவானது என்றால், அதேபோல் மெதுவாகச் சுற்றும் மற்ற விண்மீன்களும் யாருக்கோ கொடுத்திருக்க வேண்டுமல்லவா? கண்ணுக்குத் தெரியாத கோள்களுக்குத்தான். மெதுவாகச் சுற்றும் விண்மீன்களோ கோடிக்கணக்கில். ஆகவே கோள்கள் அபூர்வம் அல்ல, வானமெங்கும் இறைந்து கிடக்கின்றன.

அதற்குள் ஜீன்ஸின் கோட்பாடும் ஆட்டம் கண்டிருந்தது. சூரியனிலிருந்து இழுக்கப்பட்ட கொதிவாயு கோளாகத் திரளாது, வெளியில் சிதறிப்போகும் என்று 1939இல் லைமன் ஸ்பிட்சர் கணக்குப் போட்டுக் காட்டினார். களம் தயாராக இருந்தது. 1951இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சொற்பொழிவாற்றப் போன ஸ்ட்ரூவே, அந்தச் சுழற்சிக் கணக்கைச் சொல்லி, கோள்கள் நிறைய இருக்க வேண்டும், அவற்றில் உயிரும் இருக்கலாம் என்று அரங்கில் வெளிப்படையாகவே பேசினார். அவர் அளவுக்குப் பெயரெடுத்த வானியலாளர் அப்படிப் பேசுவது அன்று வழக்கமில்லை. கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவர் 21 வயது ஃபிராங்க் டிரேக். சிறுவயதிலிருந்தே வேற்றுலகத்தார் பற்றி மனசுக்குள் வைத்திருந்தவர். பேச்சு முடிந்ததும் அருகே போய் ஒரு வார்த்தை பேசக்கூட அவருக்குத் துணிவு வரவில்லை.

மறு ஆண்டு ஸ்ட்ரூவே ஓர் ஆய்விதழில் குட்டிக் கட்டுரை ஒன்று எழுதினார். இரண்டே பக்கம். வியாழன் அளவுள்ள கோள் ஒன்று தன் விண்மீனை ஒட்டினாற்போல, ஒரு நாளுக்கு ஒரு சுற்று என்று ஏன் சுற்றக்கூடாது என்று கேட்டார். அப்படி இருந்தால் அதன் இழுப்பில் விண்மீனே நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடும், அதை அளக்கலாம். விண்மீனுக்கும் நமக்கும் நடுவே அது குறுக்கிட்டால் ஒளி சற்று மங்கும், அதையும் அளக்கலாம். இன்று வெளிக்கோள்களை, அதாவது மற்ற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைக் கண்டுபிடிக்கும் இரண்டு முதன்மையான வழிகளும் அந்த இரண்டு பக்கத்தில் இருக்கின்றன. யாரும் சீந்தவில்லை. இந்தக் கட்டுரையை இப்போது மனதில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்; திரும்ப வருவோம்.

1958இல் டிரேக், மேற்கு வர்ஜீனியாவின் மலைக்காட்டுக்குள் கிரீன் பேங்க் என்ற சிற்றூரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தேசிய ரேடியோ வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சுற்றிலும் 13,000 சதுர மைலுக்கு ரேடியோ ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தி, அரசு அந்தப் பள்ளத்தாக்கை அமைதியாக்கி வைத்திருந்தது. அங்கே 26 மீட்டர் விட்டமுள்ள கிண்ணத் தொலைநோக்கி தயாராகிக்கொண்டிருந்தது. பூமியில் உள்ளது போன்ற ஓர் ஒலிபரப்பு 10 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்தால் இந்தக் கிண்ணத்துக்குக் கேட்குமா என்று டிரேக் கணக்கிட்டார். கேட்கும் என்றது கணக்கு. சாலையோரக் கடை ஒன்றில் ஹாம்பர்கரும் எண்ணெய் சொட்டும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டபடி சகாக்களிடம் சொன்னார். அன்றைய பொறுப்பு இயக்குநர் லாயிட் பெர்க்னர் அந்த மேசையிலேயே சம்மதித்துவிட்டார். குழு இல்லை, கோப்பு இல்லை. இப்போது அப்படி ஒரு அனுமதி வாங்க எத்தனை மேசை ஏறி இறங்க வேண்டும் என்று அறிவியல் துறையில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1959 ஜூலையில் முழுநேர இயக்குநராக வந்து சேர்ந்தவர் யார்? ஸ்ட்ரூவேதான். கார்னெல் அரங்கில் நெருங்கிப் பேசத் தயங்கிய மாணவருக்கு அவரே மேலதிகாரி. அவர் நினைத்திருந்தால் ஒரு கையெழுத்தில் திட்டத்தை முடக்கியிருக்கலாம். மாறாக அரவணைத்தார். வாங்கும் கருவிகளை வேறொரு 'கௌரவமான' ஆய்வுக்கும், அதாவது விண்வெளியின் காந்தப்புலத்தை அளக்கவும் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு, பின்னாளில் யாராவது செலவைக் கேள்வி கேட்டால் சொல்வதற்கு. செலவு என்ன பெரிய செலவு! சுமார் 2,000 டாலர்.

சத்தமில்லாமல் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அந்த செப்டம்பரில், ஜுசெப்பே கொக்கோனியும் பிலிப் மாரிசனும் 'நேச்சர்' இதழில் கட்டுரை எழுதினார்கள். வேற்றுலகத்தார் நம்மை அழைப்பதானால் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில்தான் அழைப்பார்கள். அண்டமெங்கும் நிறைந்த ஹைட்ரஜன் பேசும் அலை அது, ரேடியோ தெரிந்த எவரும் அறிந்திருப்பர் என்பது அவர்கள் வாதம். டிரேக் தேர்ந்திருந்ததும் அதே அலை. தன் வீட்டுச் சமையலைப் பக்கத்து வீட்டார் பரிமாறிவிட்டதுபோல ஸ்ட்ரூவேக்குக் கோபம் வந்தது. அந்த நவம்பரில் எம்.ஐ.டி.யில் ஆற்றிய உரையில், நாங்கள் ஏற்கெனவே கருவியே கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று போட்டுடைத்தார். அதனால் ஒரு லாபமும் வந்தது. செய்தி கேட்ட டேனா ஆட்ச்லி என்ற தொழிலதிபர், இரைச்சல் மிகக் குறைந்த புதுவகைப் பெருக்கி ஒன்றைக் கடனாகக் கொடுத்தார். ஆஸ் கதைகளில் வரும் எட்டாத தேசத்து இளவரசியின் பெயரைத் திட்டத்துக்கு வைத்தார் டிரேக்: ஓஸ்மா.

எந்த விண்மீனைக் கேட்பது? டவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்று இரண்டைத் தேர்ந்தார்கள். முன்னது ஏறக்குறைய 12 ஒளியாண்டு, பின்னது பத்தரை. இரண்டும் சூரியனைப் போல வெப்பம் குறைந்தவை, தனித்தவை, மெதுவாகச் சுற்றுபவை. ஸ்ட்ரூவேயின் கணக்கு அங்கே ஓசையில்லாமல் வேலை செய்தது.

1960 ஏப்ரல் 8. குளிரும் மூடுபனியும் கலந்த அதிகாலை. டிரேக் கிண்ணத்தின் குவியத்தில் தொங்கும் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பெருக்கியைத் திருகிச் சரிசெய்தார். நான்கு மணி வாக்கில் டவ் செட்டியை நோக்கித் திருப்பினார்கள். கருவி ஒரு சமயத்தில் 100 ஹெர்ட்ஸ் அகலத்தை மட்டுமே கேட்கும். ரேடியோப் பெட்டியின் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவதுபோல அது 4 லட்சம் ஹெர்ட்ஸைத் தடவிக்கொண்டே போகும். ஊசி தாளில் கிறுக்கியது. ஒலிபெருக்கி இரைந்தது. நண்பகலில் டவ் செட்டி மேற்கே மறையும்வரை வேறொன்றும் இல்லை.

எப்சிலான் எரிடானிக்குத் திருப்பிய சில நிமிடங்களில் ஊசி துள்ளி எல்லையில் முட்டியது. ஒலிபெருக்கியில் டக், டக், டக் என்று நொடிக்கு எட்டு துடிப்பு. அறையில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. இவ்வளவு சுலபமா? கிண்ணத்தை விண்மீனிலிருந்து விலக்கினார்கள், ஒலி நின்றது. மீண்டும் விண்மீனுக்குக் கொண்டுவந்தார்கள்; ஒலி இல்லை. விலக்கியதால் நின்றதா, தானாக நின்றதா? டிரேக் சாளரத்துக்கு வெளியே எல்லாத் திசையையும் கேட்கும் சிறு கொம்பு அலைவாங்கி ஒன்றைப் பொருத்திக் காத்திருந்தார். சுமார் பத்து நாள் கழித்து அதே துடிப்பு வந்தது, கொம்பிலும் வந்தது. அது விண்மீனின் குரலாக இருக்க வழியில்லை. மிக உயரத்தில் பறந்த ஏதோ விமானமாகத்தான் இருக்க வேண்டும். அதற்குள் விஷயம் வெளியே கசிந்து பத்திரிகைகளிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கியிருந்தது. ஜூலை வரை, மொத்தம் 150 மணி நேரம் அளவுக்குக் கேட்டார்கள். பிறகு தொலைநோக்கி மற்றவர்களின் வேலைக்குப் போய்விட்டது.

அடுத்த ஆண்டு நவம்பரில், தேசிய அறிவியல் கழகத்தின் சார்பில் பீட்டர் பியர்மன் முன்கை எடுத்து கிரீன் பேங்கில் ஒரு சிறு கூட்டம் கூட்டினார். பத்துப் பேர். தலைமை ஸ்ட்ரூவே. மாரிசன் வந்தார்; டால்பின்களோடு பேச முயன்றுகொண்டிருந்த ஜான் லில்லி வந்தார்; 26 வயதுக் கார்ல் சேகன் வந்தார். வேதியியலாளர் மெல்வின் கால்வினுக்குக் கூட்டத்தின் நடுவிலேயே நோபல் செய்தி வந்து ஷாம்பெயின் உடைந்தது. நம்மோடு பேசக்கூடிய நாகரிகங்கள் எத்தனை இருக்கும் என்று மதிப்பிட, டிரேக் கரும்பலகையில் ஏழு எழுத்துகளைப் பெருக்கி ஒரு சமன்பாடு எழுதினார். இன்று சட்டையில்கூட அச்சிட்டு விற்கப்படும் அது அன்று வெறும் நிகழ்ச்சி நிரல். எதை முதலில் பேசுவது, எதை அடுத்துப் பேசுவது என்பதற்கு ஒரு வரிசை. இயற்கையின் விதியைப்போல அதைத் தூக்கிப் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்குச் சற்று அலுப்பாக இருக்கும்.

அதில் இரண்டாவது எழுத்து, கோள்கள் உள்ள விண்மீன்களின் பங்கு. ஒரே ஒரு வெளிக்கோள்கூட உறுதியாகத் தெரியாத காலத்தில் அதற்கு எண் கொடுக்க முடிந்ததே ஸ்ட்ரூவேயின் சுழற்சிக் கணக்கால்தான். கிரீன் பேங்குக்கு வருமுன் பெர்க்லியில் அவரோடு பணியாற்றிய சூ-ஷூ ஹுவாங்கும் துணை நின்றார். ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை என்று முடிவாயிற்று. கடைசி எழுத்து 'எல்', ஒரு நாகரிகம் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்பது. அணுகுண்டுச் சோதனைகள் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டில் அதற்கு ஆயிரம் என்றும் சொன்னார்கள், பத்துக் கோடி என்றும் சொன்னார்கள். விடைபெறும் வேளையில் ஸ்ட்ரூவே கோப்பையை உயர்த்தி, அந்த 'எல்' மிகப் பெரிய எண்ணாக அமையட்டும் என்று வாழ்த்தினார்.

அவருக்கு உடல்நலம் கெட்டிருந்தது. அதே வளாகத்தில் 43 மீட்டர் தொலைநோக்கி கட்டும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து அவரை வாட்டியது. பதவியை விட்டார். 1963 ஏப்ரலில் பெர்க்லியில் காலமானார். பிள்ளைகள் இல்லை. கொள்ளுத்தாத்தா தொடங்கிய குலத்தொழில் அவரோடு நின்றது.

ஓரமாக வைத்த கட்டுரையை இப்போது எடுப்போம். கோள் தேடிய சிலரும், வியாழனுக்கு ஒரு சுற்றுக்கு 12 ஆண்டு ஆகிறது என்பதால் ஆண்டுக்கணக்கில் நிதானமாக ஆடும் விண்மீன்களையே தேடினார்கள். 1995இல் மிஷேல் மேயரும் திதியே கெலோவும், 51 பெகாசி என்ற விண்மீனை 4.2 நாளுக்கு ஒருமுறை சுற்றும் பெருங்கோளைக் கண்டார்கள். நோபல் பரிசு 2019இல் வந்தது. 43 ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ரூவே வரைந்த படம் ஏறக்குறைய அதுதான். உறுதிசெய்யப்பட்ட வெளிக்கோள்களின் எண்ணிக்கை 2022இல் 5,000-ஐத் தாண்டியது. கெப்ளர் விண்கலம் எடுத்த கணக்கில், விண்மீனுக்குச் சராசரியாக ஒரு கோளாவது தேறுகிறது. கிரீன் பேங்கில் தாராளமாகச் சொன்னதாக நினைத்த எண் கஞ்சத்தனமாகிவிட்டது.

அப்படியானால் சுழற்சிக் கணக்கு சரியா? இல்லை. 1962இல் பிரெஞ்சு வானியலாளர் எவ்ரி ஷாட்ஸ்மான் விடையை வேறு இடத்தில் கண்டார். சூரியனைப் போன்ற விண்மீன்களின் மேற்பகுதி உலைநீர்போலக் கொதித்துப் புரள்வதால் காந்தப்புலம் பிறக்கிறது. அங்கிருந்து வீசும் வாயுக் காற்று அந்தக் காந்தப் பிடியிலேயே வெகுதூரம் சுழன்றுபோய்ச் சுழற்சியைக் கொண்டுபோய்விடுகிறது. தட்டாமாலை சரி, விரித்த கைகள்தான் கோள்கள் அல்ல, காற்று. வெப்ப விண்மீன்களின் மேற்பகுதி அப்படிப் புரளாததால் அவற்றுக்கு அந்தத் தடையில்லை. அவற்றுக்குக் கோள்களும் இல்லாமலில்லை. வேகமாகச் சுற்றும் பீட்டா பிக்டோரிஸைச் சுற்றி இரண்டு பெருங்கோள்கள் உண்டு. வழி தப்பு, விடை சரி. நம் ஊர்க் கணக்கு வாத்தியார் அரை மதிப்பெண்கூடப் போட்டிருக்க மாட்டார்.

எப்சிலான் எரிடானியின் வயதும் பிற்பாடு தெரிந்தது. நூறு கோடி ஆண்டுகூட ஆகவில்லை. பூமி அந்த வயதில் இருந்தபோது நுண்ணுயிர் இருந்திருந்தாலே அதிகம். தொட்டில் குழந்தையிடம் முகவரி கேட்டுக்கொண்டு அந்த ஏப்ரலில் டிரேக் உட்கார்ந்திருந்தார்.

கிரீன் பேங்கின் கிண்ணம் வேறு வேலைக்குப் போன அதே நாட்களில், மாஸ்கோவில் யோசிஃப் ஷ்க்லோவ்ஸ்கி இதே பொருளில் நூல் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய மாணவர் நிகோலாய் கர்தஷோவ், ஒரு விண்மீனின் ஆற்றல் முழுவதையும் ஆளும் நாகரிகத்தையே தேடுவோம் என்றார். 1965 ஏப்ரலில் சோவியத் செய்தி நிறுவனமான டாஸ் உலகத்தைத் தூக்கிவாரிப்போட்ட ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அடுத்த வாரம் மாஸ்கோ.